எண்ணெய்க் கிணறும் தேயிலை மலையும்

(அட்டனில் தோட்டத் தொழிலாளரும் காய்கறிப் பயிர்ச்செய்கையாளரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அரபு நாடுகளைப் பற்றிப் பேச அட்டனில் ஒரு கூட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்கள் இந்த மலையின் லயங்களுக்குள் கால் வைத்தவர்களாக இருக்க முடியாது. பொகவந்தலாவைக்குப் போங்கள், மஸ்கெலியாவுக்குப் போங்கள், டயகமவுக்குப் போங்கள். ரியாத்திலிருந்தோ குவைத்திலிருந்தோ வரும் பணத்தை எதிர்பார்த்து அடுப்பு மூட்டும் காம்பரா ஒன்றைக் காணாமல் திரும்புவது அரிது. நம் கொழுந்து அங்கே போகிறது. நம் பெண்களும் அங்கே போகிறார்கள். கொழுந்தைப் பற்றி ஏலக்காரர் அறிந்த அளவுகூடப் பெண்களைப் பற்றி நாம் அறிந்து வைத்திருக்கவில்லை. அவர்கள் போய்ச் சேரும் சமுதாயம் எத்தகையது, அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதையும் நாம் விசாரித்ததில்லை.

அந்நாடுகளைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு உலவுகிறது. ஒன்று, அது பொன் விளையும் பூமி என்பது. உப முகவர்கள் லயத்துக்கு லயம் வந்து பரப்பும் பேச்சு இது. மற்றையது, அது நரகம், அங்குள்ளவர்கள் அனைவரும் இரக்கமற்றவர்கள் என்பது. இந்த இரண்டாவது பேச்சை மார்க்கத்தோடு முடிச்சுப் போட்டு, இதே நகரத்தில் நம்மோடு கடை வைத்து வாழும் முஸ்லிம் சகோதரர் மீது வெறுப்பை மூட்டுவோரும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் நாம் நிராகரிக்கிறோம். ஒரு சமுதாயத்தை அறிய வேண்டுமானால், அது எதைத் தின்று வாழ்ந்தது, யாருக்குக் கடன்பட்டிருந்தது, எந்த ஆண்டில் அதன் வாழ்வு மாறியது என்று கேட்க வேண்டும். வழக்கொன்றைக் கையில் எடுக்கும்போது நாம் கேட்கும் கேள்விகள்தாம் இவை.

எண்ணெய்க்கு முன்னர் அரபு வளைகுடாக் கரை எதை நம்பி வாழ்ந்தது? முத்தை நம்பி. குவைத்தும் பஹ்ரெயினும் கட்டாரும் முத்துக் குளித்து உண்ட ஊர்கள். இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும்; நம்மவர் பலர் அறியாதது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்ப் பகுதியில் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, நம் தமிழ்ச் சுழியோடிகளோடு அரபுச் சுழியோடிகளும் வந்து கூலிக்கு மூழ்கினார்கள். 1905ஆம் ஆண்டின் பெரிய குளிப்பிலும் அவர்கள் இருந்தார்கள். அன்று அவர்கள் நம் கடலுக்குக் கூலி தேடி வந்தார்கள். இன்று நாம் அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். நூறாண்டு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

அந்தச் சுழியோடி எப்படி வாழ்ந்தான்? பருவம் தொடங்குமுன் நகுதாவிடம், அதாவது கப்பல் தலைவனிடம், முன்பணம் வாங்குவான். பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். அடுத்த பருவமும் அதே நகுதாவின் கப்பலில்தான் ஏற வேண்டும். தந்தை இறந்தால் கடன் மகனைத் தொடர்ந்தது. தோழர்களே, இந்தக் கதையை நீங்கள் எங்கோ கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? நகுதா என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய கங்காணி என்று போட்டுப் பாருங்கள். முன்பணம், பற்று, கடன், துண்டு — நம் பாட்டன்மார் கட்டுண்டு கிடந்த கயிறும் அதே நாரில் திரித்ததுதான். கடன் தீர்ந்தாலன்றித் துண்டு இல்லை. துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் சேர்க்காது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை விட்டு ஓடிய தொழிலாளி கடனாளி மட்டுமல்லன், குற்றவாளி. சிறைக்குப் போக வேண்டியவன். துண்டு முறை ஒழிய 1921ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்புவோம்.

1930ஆம் ஆண்டுகளில் முத்து வாணிபம் விழுந்தது. ஜப்பானியர் வளர்த்த முத்து சந்தைக்கு வந்தது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. நம் மலையில் கோப்பியை 1869ஆம் ஆண்டு வந்த இலைநோய் தின்றது போல, அங்கே ஒரு தலைமுறையின் பிழைப்பைச் சந்தை தின்றது. கோப்பி விழுந்த இடத்தில் இங்கே தேயிலை எழுந்தது. அங்கே எழுந்தது எண்ணெய். பஹ்ரெயினில் 1932இல், சவூதி அரேபியாவின் தம்மாமில் ஏழாவது கிணற்றில் 1938 மார்ச்சில், அதே ஆண்டில் குவைத்தின் புர்கானில். உலக யுத்தம் முடிந்த பின்னரே எண்ணெய் பெருமளவில் கப்பலேறியது. குவைத்திலிருந்து முதற் கப்பல் 1946இல் புறப்பட்டது. 1920இல் பகைவருக்கு அஞ்சி மண்ணால் எழுப்பிய குவைத்து நகர மதில் 1957இல் வீதிகளுக்காக இடிக்கப்பட்டது. மதில் கட்ட மண் சுமந்தவன் அது இடிக்கப்படுவதையும் தன் கண்ணாலேயே கண்டான். ஒட்டகம் ஓட்டிய கையாலேயே அவன் மோட்டார் ஓட்டவும் பழகினான்.

இவ்வளவு விரைவில் மாறிய மனிதனின் மனம் எப்படியிருக்கும்? நம் மலையும் விரைவாக மாறிய மலைதான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கண்டிக் குடியானவனின் காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கியது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை. 1885இல் நானுஓயா வரை புகைவண்டி. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாடு தலைகீழாகப் புரட்டப்பட்டது. ஆனால் அந்த மாற்றம் நம்மைக் கேட்டு நடக்கவில்லை, நமக்காகவும் நடக்கவில்லை. நம் முதுகின் மேல் நடந்தது. அரபு நாட்டிலும் குடிமகனைக் கேட்டு நடக்கவில்லை. ஆனால் அவன் கையில் பணம் விழுந்தது. இந்த வேறுபாடு பெரிது.

பணம் எப்படி விழுந்தது என்பதில்தான் சட்டம் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. மற்ற நாடுகளில் அரசு வரி கேட்டது. வரி கொடுத்தவன் கணக்குக் கேட்டான். கணக்குக் கேட்டதிலிருந்து பாராளுமன்றம் பிறந்தது. எண்ணெய் நாட்டில் அரசு குடிகளிடம் வரி கேட்கவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடு, உத்தியோகம் எல்லாம் ஆள்பவரின் கொடையாக வந்தன. கொடையை வாங்குபவன் கணக்குக் கேட்பது எப்படி? நவீனம் உரிமையாக வரவில்லை, பரிசாக வந்தது. குவைத்தில் தேர்ந்தெடுத்த சபை ஒன்று 1963 முதல் தோன்றியும் கலைந்தும் வந்தது. அதுவும் 2024 மே மாதத்தில் இடைநிறுத்தப்பட்டது.

பரிசாக வந்த புதுமையைப் பழமை எளிதில் விட்டுவிடவில்லை. சவூதி அரேபியாவில் 1960இல் பெண்களுக்கு அரசாங்கப் பள்ளி என்று அறிவித்தார்கள். 1963இல் புரைதா நகர மக்கள் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். படை அனுப்பித்தான் பள்ளியைத் திறந்து வைக்க முடிந்தது. 1965இல் தொலைக்காட்சி வந்தது. அதை எதிர்த்து எழுந்த அரச குடும்பத்து இளைஞர் ஒருவர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். அவருடைய தம்பி 1975 மார்ச் 25ஆம் தேதி பைசல் மன்னரையே சுட்டுக் கொன்றார். 1979 நவம்பரில் ஆயுதம் தாங்கிய கூட்டமொன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலையே கைப்பற்றி இரண்டு வாரம் வைத்திருந்தது. ஆள்வோர் மார்க்கத்தை விட்டு விலகிவிட்டனர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கலகம் அடக்கப்பட்டது. ஆனால் அதன் பின் அரசு என்ன செய்தது? எண்ணெய்க் குழாயையும் விமான நிலையத்தையும் நவீனத்துக்கு விட்டுவிட்டு, பெண்ணையும் வீட்டையும் பழமைக்கு ஒப்படைத்தது. வாகனம் ஓட்டியதற்காக 1990 நவம்பரில் ரியாத்தில் நாற்பத்தேழு பெண்கள் தண்டனைக்குள்ளானார்கள். பெண் வாகனம் ஓட்டலாம் என்ற அனுமதி 2018 ஜூன் 24இல் வந்தது. அதைக் கேட்டுப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் என்ற பெண்மணியோ அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கைது செய்யப்பட்டார். உரிமையைக் கேட்டவரைச் சிறையில் வைத்துவிட்டு அதே உரிமையைப் பரிசாக அறிவிக்கிறார்கள் என்றால், அந்த ஆட்சிமுறையின் தன்மை உங்களுக்கு விளங்கும்.

இந்த மாற்றத்தின் வலியை அரபு எழுத்தாளர்களே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பொருளாதாரம் படித்த அப்துல் ரஹ்மான் முனீப் 1984இல் ‘உப்பு நகரங்கள்’ என்னும் நாவலை வெளியிட்டார். பாலைவனச் சோலையொன்றின் மரங்களைப் பிடுங்கிக்கொண்டு எண்ணெய்க் கம்பெனி வருவதை அந்நாவல் சொல்கிறது. அவருக்குச் சவூதிக் குடியுரிமை ஏற்கெனவே பறிக்கப்பட்டிருந்தது. குடியுரிமை பறிபோனவரின் நிலையை இந்த மலையில் இருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இங்கே கந்தப்பளையிலிருந்தும் இராகலையிலிருந்தும் வந்திருக்கும் காய்கறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாலைவனத்தில் கோதுமை விளையுமா? சவூதியில் விளைந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் சேர்ந்த நீரை, எண்ணெய்ப் பணத்தால் உறிஞ்சி, மானியத்தின் மேல் மானியம் கொடுத்து விளைவித்தார்கள். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்குக் குவிந்தது. நீர் வற்றியது, 2016இல் அந்தப் பயிரையே கைவிட்டார்கள். பிறகு சிறு அளவில் மட்டும் திரும்பினார்கள். நாம் சிரிக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தைத் தடைசெய்து, உங்கள் உருளைக்கிழங்கையும் லீக்ஸையும் நம் கொழுந்தையும் ஒருசேர மஞ்சளாக்கியது நம் கொழும்பு அரசாங்கம். விவசாயியைக் கேளாமல் விவசாயத்தை மாற்றுவதற்கு எண்ணெய் வேண்டும் என்றில்லை.

இனி நாம் வந்த விஷயத்துக்கு வருவோம். அரபு வீட்டின் உள்ளே என்ன நடந்தது?

பெண் பள்ளிக்குப் போனாள்; பல்கலைக்கழகம் போனாள்; உத்தியோகமும் பார்க்கத் தொடங்கினாள். மாமியாரும் ஓரகத்திகளும் நாத்தனாரும் ஒரே முற்றத்தில் வாழ்ந்த மண் வீடு போய், தனித்தனி மாளிகை வந்தது. முற்றத்து வேலையைப் பகிர்ந்துகொள்ள முன்னிருந்த பத்துக் கைகள் இன்று இல்லை. ஆடவன் அடுப்படிக்கு வரவும் இல்லை. ஆனால் வீடு மட்டும் பழைய வீடு போலவே தோன்ற வேண்டும். விருந்தினருக்குக் குறைவு கூடாது, பிள்ளைகள் அழக் கூடாது. புதிய வாழ்க்கைக்கும் பழைய முகத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை யார் நிரப்புவது? ஒரு வெளிநாட்டுப் பெண். அவள் சில வேளை இந்தோனேசியாவிலிருந்து வந்தவள், சில வேளை எத்தியோப்பியாவிலிருந்து, சில வேளை நோர்வூட்டிலிருந்து. அந்தச் சமுதாயம் தனக்குள் தீர்த்துக்கொள்ளாத சண்டையின் சுமை முழுவதும் அவள் தலையில் இறங்குகிறது. எசமானி வேலைக்குப் போகிறாள் என்று மாமியாருக்குக் கோபம். கோபம் பணிப்பெண் மேல். பிள்ளை தாயைவிடக் ‘கத்தாமா’விடம் ஒட்டிக்கொள்கிறது என்று தாய்க்குப் பொறாமை; அதுவும் பணிப்பெண் மேல். பிள்ளைகள் அரபைத் திருத்தமாகப் பேசாமல் வேலைக்காரிகளின் மொழியைக் கலக்கிறார்கள் என்று அந்நாட்டு அறிஞர் சிலர் கவலைப்படுகிறார்கள். அப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடும் பெண் தன் பிள்ளைக்குப் பாட முடியாமல் இருக்கிறாள் என்பது அந்தக் கவலையில் இடம்பெறவில்லை.

இவளை அங்கே நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டுக்குக் ‘கஃபாலா’ என்று பெயர். அச்சொல்லின் பொருள் பிணை நிற்றல். அந்நியனுக்காக ஊரார் ஒருவர் பொறுப்பேற்பதும், அநாதைப் பிள்ளையைப் பராமரிப்பதும் அச்சொல்லால் குறிக்கப்படும் நல்ல காரியங்கள். அந்த நல்ல சொல்லை எடுத்துக் கூலியைக் கட்டிப்போடும் கயிறாக்கியது பழைய மரபன்று. பஹ்ரெயினில் பிரித்தானிய அதிகாரிகளின் செல்வாக்கு ஓங்கியிருந்த 1920ஆம் ஆண்டுகளிலேயே, வெளியூர்த் தொழிலாளிக்கு உள்ளூர்ப் பொறுப்பாளி வேண்டும் என்ற முறை முளைத்தது. எண்ணெய்ப் பெருக்கத்தோடு அது எங்கும் பரவியது. கஃபீலின் அனுமதியின்றி வேலை மாற முடியாது. பல காலம் நாட்டை விட்டுப் புறப்படவும் முடியாது. வீட்டை விட்டு வெளியேறினால் ஓடிப்போனவள் என்று முறைப்பாடு. அதன் பின் அவள் சட்டவிரோதமானவள். தோழர்களே, 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? துண்டு இல்லாமல் வேறு தோட்டமில்லை, ஓடினால் சிறை. நம் பாட்டன் 1921இல் கழற்றிய விலங்கை நம் தங்கை விமானச்சீட்டோடு சேர்த்து வாங்கி மாட்டிக்கொள்கிறாள்.

இன்னொன்று. சவூதி அரேபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1962இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகளின் பின் எண்ணெய் விலை ஏறி வீட்டுக்கு வீடு பணிப்பெண் வந்தாள். அடிமையை வீட்டில் வைத்திருந்த பழக்கம் மறைவதற்கு முன்னரே சம்பளக்காரி வந்து சேர்ந்தாள் என்பதை மறந்துவிட்டு, அங்கே நடப்பதை விளங்கிக்கொள்ள முடியாது. வீடு புனிதமானது, அந்நிய ஆடவன் உள்ளே நுழையலாகாது என்ற மரபைக் காட்டித் தொழிற் பரிசோதகரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மரபு இங்கே கேடயமாகப் பிடிக்கப்படுகிறது. மேசை இழுப்பறையில் பிறர் கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பது எந்த மரபில் இருந்தது? கூலியைத் தாமதிக்காதே என்பதல்லவா அம்மார்க்கத்தின் போதனை?

எண்ணெய் விலை ஏறியது 1973இல் என்றோம். ஒரு பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்தது. சில மாதங்களில் பதினொரு டாலரைத் தாண்டியது. அதே 1973, 1974ஆம் ஆண்டுகளில் இந்த மலையில் என்ன நடந்தது என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாவில்லை, அரிசியில்லை. லயங்களில் பட்டினிச் சாவுகள். ரியாத்தில் மாளிகைக்கு அடித்தளம் போட்ட அதே மாதங்களில் இங்கே தோட்டத்து மக்கள் காட்டுக் கிழங்கு தோண்டினார்கள்.

1977க்குப் பின் நாட்டின் கதவு திறக்கப்பட்டு, மற்றப் பகுதிப் பெண்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியபோது, நம் பெண்கள் பலர் போக முடியவில்லை. ஏன்? கடவுச்சீட்டு எடுக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குக் குடியுரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்ததை முழுதாகத் திருப்பித் தர 2003ஆம் ஆண்டு ஆயிற்று. குடியுரிமை கிடைத்ததும் நம் பெண்ணுக்குக் கிடைத்த முதற் பயன்களில் ஒன்று, நாட்டை விட்டுப் போவதற்கான கடவுச்சீட்டு! 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே ஆண்டில் வேலைக்காக வெளியேறினார்கள். தோட்டத்தில் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அது 1,350 ரூபாய் ஆனது. அதற்குள் மாவின் விலை என்ன ஆனது என்பதைத் தாய்மார்கள் எங்களைவிட நன்கு அறிவார்கள்.

ஆகவே போகிற பெண்ணைக் குறை கூறும் உரிமை யாருக்கும் இல்லை. அரசாங்கம் என்ன செய்தது? 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போகலாகாது. மற்றத் தாயும் அதிகாரி முன் நின்று, தன் பிள்ளையை யார் பார்ப்பார் என்று நிரூபிக்க வேண்டும். வெளிநாடு போகும் தகப்பனை அப்படி யாரும் கேட்கவில்லை. பெண் போவது நிற்கவில்லை. கள்ள வழி பெருகியது, உப முகவரின் தரகு பெருகியது. 2022இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள்; டாலர் தேவைப்பட்டது. தாயின் கடமை பற்றிய அரசாங்கத்தின் தர்மவுணர்வு அந்நியச் செலாவணிக் கையிருப்போடு ஏறி இறங்கியதை நாம் குறித்துவைத்துக் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னே இந்தத் தீவு அறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. மூதூர் றிசானா நபீக். 1988இல் பிறந்தவள், கடவுச்சீட்டில் ஆறு வயது கூட்டி எழுதப்பட்டுப் பதினேழு வயதில், 2005இல், சவூதி போனாள். வீட்டு வேலைக்குப் போனவளிடம் கைக்குழந்தையை ஒப்படைத்தார்கள். போத்தலில் பாலூட்டும்போது குழந்தைக்கு மூச்சடைத்தது என்றாள் அவள். கொலை என்றது வழக்கு. ஆரம்ப விசாரணையில் அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. மொழிபெயர்த்தவரின் தகுதியும் கேள்விக்குரியதாக இருந்தது. 2007இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9இல் தலை துண்டிக்கப்பட்டது. சட்டம் படித்தவர்களாகச் சொல்கிறோம்: அந்த மரணத்தில் அங்குள்ள நீதிமன்றத்துக்கு மட்டும் பங்கு என்று எண்ணாதீர்கள். வயதை மாற்றிய பேனா இங்கே இருந்தது. அவளுக்காக முதல் நாளிலேயே வழக்கறிஞரை அனுப்பாத அலுவலகமும் நம்முடையதே.

இப்போது இக்கூட்டத்தில் சிலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லப் போகிறோம். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். மலை முழுவதும் கொதித்தது. அட்டனிலும் ஊர்வலம் போனோம். சரிதான். ஆனால் இந்த மலையிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் சிறுமிகள் வீட்டுவேலைக்குப் போவது அன்றுதான் தொடங்கியதா? நம் வழக்கறிஞர் வீடுகளிலும், மருத்துவர் வீடுகளிலும், வர்த்தகர் வீடுகளிலும் கொழுந்து மலையின் பிள்ளைகள் பாத்திரம் துலக்கவில்லையா? அவர்களுக்கு விடுமுறை நாள் எது? எத்தனை மணிக்கு வேலை முடிகிறது? ஊழியர் சேமலாப நிதி யாருக்காவது உண்டா? வீட்டுப் பணியாளர் பற்றி நம் நாட்டில் 1871ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அவர்களைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணிப்பதற்காக வந்த சட்டம் அது; உரிமை கொடுக்க வந்ததன்று. ரியாத்து வாசலில் நின்றுவிடும் சட்டம் கொழும்பு வாசலிலும் நின்றுவிடுகிறது. இதைத் திருத்தாமல் நம் தூதுவர் அங்கே போய் என்ன முகத்தோடு பேசுவார்? ‘உங்கள் நாட்டில் வாராந்த விடுமுறை உண்டா?’ என்று எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

சொல்லப்போனால், அங்கேயும் சட்டம் மெல்ல வாசற்படி ஏறத் தொடங்கியிருக்கிறது. குவைத்து 2015இல் 68ஆம் இலக்கச் சட்டத்தால் வீட்டுப் பணியாளருக்கு வாராந்த ஓய்வும் வருடாந்த விடுமுறையும் எழுதியது. கட்டார் 2020இல் எசமானின் அனுமதியின்றி வேலை மாறும் உரிமையை வீட்டுப் பணியாளருக்கும் அளித்தது. 2021 மார்ச் முதல் 1,000 ரியால் குறைந்தபட்ச வேதனத்தையும் விதித்தது. சவூதி 2021இல் செய்த சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளரை வெளியே விட்டது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தனி விதிகளில் பத்து மணி நேர வேலையும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு. எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதை நடைமுறையாக்க யாராவது கேட்க வேண்டும். கேட்பதற்குச் சங்கம் வேண்டும். அங்கே வீட்டுப் பணியாளர் சங்கம் சேர்வது எளிதன்று. ஆகவே கேட்க வேண்டியவர்கள் இங்கே இருக்கும் நாம்.

கேட்க நமக்குப் பலம் இருக்கிறதா? இருக்கிறது. ஈராக்கியர் குடிக்கும் தேநீரில் நம் கொழுந்து இருக்கிறது. ஈரான், அது அரபு நாடன்று, ஆயினும் எண்ணெய் நாடு, அந்நாட்டுக்குக் கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டாலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே கொடுப்பதற்கு 2021 டிசம்பரில் இலங்கை உடன்படிக்கை செய்தது. எண்ணெய்க்குத் தேயிலை என்று பேரம் பேசத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே மேசையில் பணிப்பெண்ணின் ஓய்வு நாளைப் பேசத் தெரியாதா? தேயிலை ஏற்றுமதிக்கு ஒரு சபை, பேரத்துக்கு ஓர் அமைச்சர். கொழுந்து பறித்த கைக்கு மட்டும் ஓர் உப முகவர்!

நம் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இந்நாட்டில் வீட்டுவேலை செய்யும் ஒவ்வொருவரும் தொழிற் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட வேண்டும். முதலில் இங்கே, பிறகு அங்கே. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வேலைவாய்ப்புப் பணியகம், ஒப்பந்தத்தைத் தமிழிலும் கொடுத்து, புறப்படுமுன் தமிழிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். வளைகுடாத் தூதரகம் ஒவ்வொன்றிலும் தமிழறிந்த சட்ட அதிகாரி இருக்க வேண்டும். தோட்டப் பிள்ளைக் காம்பராக்கள், தாய் மலையில் கொழுந்தெடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு வைத்தவை. இரண்டு வருடம் தாயில்லாத பிள்ளையைக் கணக்கிடவில்லை. அப்பிள்ளைக்கான பொறுப்பைப் பாட்டியின் முதுகில் மட்டும் ஏற்றிவிட்டு, மாதந்தோறும் அந்தத் தாய் அனுப்பும் செலாவணியை அரசாங்கம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கும் உறுதி இல்லை, நிற்கும் மண்ணுக்கும் உறுதி இல்லை என்ற நிலையில், பாலைவனத்துக்குப் போவது ஒருத்தியின் விருப்பம் என்று சொல்வது சொல்லளவில்தான். வீடும் காணியும் தன் பேரில் இருக்கும் பெண், முகவரிடம் ‘முடியாது’ என்று சொல்லக் கூடியவள். காணி உறுதி கேட்டு நாம் நடத்தும் இயக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இதுதான். இரண்டும் ஒரே வழக்கு.

இக்கூட்டம் முடிந்ததும் வெளியே மேசையில் நம் வழக்கறிஞர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். வெளிநாட்டில் பெண்பிள்ளை இருக்கும் வீட்டார் அவர்களைக் கண்டு செல்லுங்கள். ஒப்பந்தத்தின் பிரதி, கடவுச்சீட்டின் முதற் பக்கம், முகவரின் அனுமதிப்பத்திர இலக்கம், எசமானின் பெயரும் தொலைபேசி இலக்கமும் — இவை நான்கும் வீட்டிலும் ஒன்று, சங்கத்திலும் ஒன்று இருக்க வேண்டும். இல்லாதவர்கள் இன்றிரவே பிள்ளையோடு பேசும்போது கேட்டு எழுதி வையுங்கள். எசமானி பக்கத்தில் இருந்தால் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக் கேளுங்கள்.